எதற்கு எது ஜோடி? – பொன்னேரி, பழவேற்காடு, கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பானப் பயணம்

'இன்றைக்கு என்ன குழம்பு?' என்று தினமும் காலையில் யோசிக்கிறோம். அதற்கு எந்தக் கறி, எந்தக் கூட்டு, அப்பளமா, வடகமா என்று ஜோடி சேர்க்கிறோம். வத்தக்குழம்புக்குச் சுட்ட அப்பளம், மோர்க்குழம்புக்குப் பருப்புசிலி, அடைக்கு அவியல். இதெல்லாம் யாரும் நமக்குப் பாடம் நடத்திச் சொல்லித் தரவில்லை. அம்மாவின் கையைப் பார்த்தே வந்த ஞானம். ஆனால், 'இந்தச் சாப்பாட்டுக்கு எதைக் குடிக்கக் கொடுப்பது?' என்று நம்மில் எத்தனை பேர் யோசிக்கிறோம்? ஒரு சொம்புத் தண்ணீர். சாப்பிட்டு எழுந்ததும் ஒரு டம்ளர் காபி. அத்தோடு சரி!

மேல்நாடுகளில் இது ஒரு பெரிய சாஸ்திரம். மீனுக்கு வெள்ளை ஒயின், ஆட்டிறைச்சிக்குச் சிவப்பு ஒயின் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். எந்தப் பதார்த்தத்துக்கு எந்த ஒயின் என்று சொல்வதற்கென்றே பெரிய ஹோட்டல்களில் தனி ஆள் உண்டு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் மூலமும், டெலிவிஷன் மூலமும் இந்தப் பேச்சு நம் வீட்டுக் கூடத்துக்கும் வந்துவிட்டது. "சிவப்பு ஒயின் இருதயத்துக்கு நல்லதாமே, நிஜமா?" என்று கேட்கும் சகோதரிகளும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குக் கட்டாயம் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அந்தச் சாஸ்திரத்தின் உள்ளே இருக்கும் சூட்சுமம் என்ன, அது நம் அடுப்பங்கரைக்குப் பயன்படுமா என்று பார்த்துவிடலாம்.

அதைப் பார்க்கப் பாரிஸுக்குப் போக வேண்டியதில்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடிக்கு ஒரு நாள் போய்வந்தால் போதும். ஒரு பக்கம் கடலும் உப்பேரியும். ஒரு பக்கம் நெல் வயலும் பனை மரமும். வடக்கே ஆந்திர எல்லை. நடுவில் புகை கக்கும் தொழிற்பேட்டை. ஒரே நாளில் நாலு விதச் சாப்பாடும், நாலு விதப் பானமும் கண்ணில் படும். வாருங்கள், புறப்படலாம்.

ரயிலில் ஏறியாச்சு!

சென்ட்ரல் பக்கத்தில் இருக்கும் மூர் மார்க்கெட் வளாக நிலையத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் கிளம்புகிறது. மொத்தத் தூரமே ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு என்று போகும்போது ஜன்னலுக்கு வெளியே புகைபோக்கிகளும் மின் நிலையமும் தெரியும். மீஞ்சூர் தாண்டியதும் காட்சி மாறுகிறது. வயல், ஏரிக்கரை, கரையெல்லாம் பனை. பிறகு பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி.

ஒரு சின்ன எச்சரிக்கை: மாவட்டத்தின் பெயர் திருவள்ளூர் என்பதால் திருவள்ளூர் ரயிலில் ஏறிவிடாதீர்கள்! அந்த ஊர் அரக்கோணம் போகும் தடத்தில் இருக்கிறது. 1997-ல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்து உண்டாக்கிய மாவட்டம் இது. தலைநகரம் ஒரு தடத்தில், நாம் பார்க்கப் போகும் ஊர்கள் இன்னொரு தடத்தில்.

கோடை நாளில் காலை ரயிலில் வந்தால், இந்தப் பக்கத்துச் சாலை ஓரங்களில் நுங்குக் குலையோடும் பதநீர்ப் பானையோடும் ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். நம் பாடத்தின் முதல் அத்தியாயம் அங்கேயே ஆரம்பமாகிறது.

ஒரே மரத்தின் இரண்டு பிள்ளைகள்

பதநீரில் இளம் நுங்கைப் போட்டுக் கொடுக்கிறார்களே, அதைச் சாப்பிட்டிருக்கிறீர்களா? ஒயின் சாஸ்திரத்தின் முக்கியமான விதி ஒன்று அந்தப் பனை ஓலைப் பட்டையிலேயே இருக்கிறது. 'ஓர் ஊர் மண்ணில் சேர்ந்து விளைந்தவை நாக்கிலும் சேரும்' என்பதுதான் அது. பிரான்சிலும் இத்தாலியிலும் அந்தந்த வட்டாரத்துப் பாலாடைக்கட்டிக்கு அந்தந்த வட்டாரத்து ஒயினைத்தான் முதலில் வைப்பார்கள். நமக்கோ ஒரே மரத்துப் பிள்ளைகளே ஜோடி. பதநீரின் கனமான இனிப்பை நுங்கின் சப்பென்ற குளிர்ச்சி சமன்செய்துவிடுகிறது.

பதநீர் வாங்குவதில் ஒரு விவரம் தெரிந்திருக்க வேண்டும். பாளையைச் சீவி வடியும் சாறு, வெயில் ஏற ஏறத் தானாகவே புளிக்கத் தொடங்கும். புளித்தால் அது கள். அதைத் தடுக்கத்தான் பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பு தடவிய பானையில் இறங்கினால் பதநீர்; தடவாத பானையில் இறங்கினால் கள். தமிழ்நாட்டில் கள் இறக்க 1987 முதல் தடை இருக்கிறது.

"காத்தாலயே வந்துடணும் கண்ணு. வெயிலு ஏறிட்டா இது வேற சரக்கு ஆயிடும்!" என்பது பதநீர் விற்கும் பெரியம்மாக்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் வார்த்தை. அதில் உண்மை இருக்கிறது. குழந்தைகளுக்குக் கொடுப்பதானால் காலையில் வாங்கியதைத்தான் கொடுக்க வேண்டும். நுரை பொங்கினாலோ, மூக்கில் புளிப்பு வாடை அடித்தாலோ வேண்டாம். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கலக்காமல் மேலாக ஊற்றிக்கொள்ளுங்கள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இது ஆகாது. 'இயற்கைதானே' என்று சமாதானம் சொல்லிக்கொண்டாலும், ஒரு டம்ளர் பதநீரில் இரண்டு மூன்று மேஜைக்கரண்டி சர்க்கரை அளவுக்கு இனிப்பு இருக்கிறது.

பழவேற்காட்டில் மீனும் மோரும்

பொன்னேரியிலிருந்து கிழக்கே பஸ்ஸில் ஏறினால் சுமார் இருபது கிலோமீட்டரில் பழவேற்காடு. கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே பரந்து கிடக்கும் உப்பேரி. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி இந்தியாவில் பெரிய உப்புநீர் ஏரி இதுதான். குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. இறாலும், நண்டும், மடவையும், கொடுவாவும் இங்கே பிரசித்தம். பனை ஓலையில் பெட்டியும் கூடையும் முடையும் பெண்களையும் பார்க்கலாம்.

1610 வாக்கில் டச்சுக்காரர்கள் இங்கே வந்து கடை விரித்தார்கள். 1613-ல் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைமை இடம். கோட்டை சிதைந்து போயிற்று. ஆனால் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் வாசலில் செதுக்கி வைத்திருக்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைக் கண்டு குழந்தைகள் பயப்படுவார்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கப்பலில் மாதக்கணக்கில் தண்ணீர் கெட்டுப்போகும் என்பதால் அந்தக் காலத்து மாலுமிகள் ஒயினைக் கூடவே கொண்டு போனார்கள். கிழக்கே வரும் தங்கள் கப்பல்களுக்குக் காய்கறியும் தண்ணீரும் தருவதற்காக டச்சுக்காரர்கள் 1652-ல் ஆப்பிரிக்காவின் தென்கோடியில் ஒரு குடியிருப்பு அமைத்தார்கள். திராட்சை நட்டு, 1659-ல் அங்கே முதல் ஒயினைப் பிழிந்தார்கள். இன்றைய தென்னாப்பிரிக்க ஒயின் தொழிலுக்கு அதுதான் விதை. அதற்கும் பல நூற்றாண்டு முன்னாலேயே யவனர் கொண்டுவந்த மதுவைப் பற்றிப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டு பேசுகிறது. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் தோண்டியபோது அந்த மது வந்த இரண்டு கைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. ஆக, ஒயின் நம் கரைக்குப் புதுசு இல்லை. நம் சமையலோடு அது ஒட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சரி, மீனுக்கு ஏன் வெள்ளை ஒயின்? திராட்சையின் தோலும் கொட்டையும் சேர்த்துப் புளிக்க வைத்தால் சிவப்பு ஒயின். தோலை நீக்கிச் சாற்றை மட்டும் புளிக்க வைத்தால் வெள்ளை. தோலிலிருந்துதான் துவர்ப்பு வருகிறது. வெள்ளையில் துவர்ப்பு குறைவு, புளிப்புத் தூக்கல். மீனின் கவிச்சியைப் புளிப்பு அடக்கும். சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்புச் சத்துதான் மீன் வாடையைக் கிளப்பி விடுகிறது என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

இதைக் கேட்டால் நம் மீன்கார அக்காமார்கள் சிரிப்பார்கள். "இதுக்கா ஆராய்ச்சி? அதுக்குத்தானே நாங்க புளி ஊத்தறோம்!" மீன் குழம்புக்குப் புளி, வறுத்த மீனுக்கு எலுமிச்சை மூடி. அங்கே வெள்ளை ஒயின் செய்கிற வேலையை இங்கே புளியும் எலுமிச்சையும் செய்துவிடுகின்றன.

மோர்? கூடவே கூடாது என்பார்கள். "மீன் கொழம்பு வச்ச அன்னிக்கு எங்க ஆயா மோர்ச் சட்டியையே ஒளிச்சு வச்சிடும்மா" என்று சொல்லும் வீடுகள் இந்தப் பக்கம் அநேகம். மீனும் மோரும் சேர்ந்தால் உடம்பில் வெள்ளைத் திட்டு விழும் என்ற நம்பிக்கைக்கு வைத்திய சாட்சியம் எதுவும் இல்லை. வங்காளிகள் தயிரிலேயே மீனைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். பயப்பட வேண்டாம், ஆனால் வீட்டுப் பெரியவர்கள் மனம் கோணாமல் இருக்க மீன் நாளில் வேறு பானம் வைக்கலாமே. வறுத்த மீனுக்கு உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, நண்டு மசாலாவுக்கு எலுமிச்சை பிழிந்த நன்னாரி சர்பத். செய்து பாருங்கள், கையைக் கழுவிய பிறகும் ருசி நாக்கிலேயே நிற்கும்.

தொழிற்பேட்டையின் மூன்று தூக்குகள்

மறுபடி ரயில் ஏறிக் கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். சிப்காட் தொழிற்பேட்டை இங்கே இருக்கிறது. இரும்பை உருக்குகிற, உருட்டுகிற ஆலைகளும் இருக்கின்றன. வெளியிலே வெயில், உள்ளே உலை. தமிழ் பேசுபவர்கள், எல்லைப்புறம் என்பதால் தெலுங்கு பேசுபவர்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே ஷிப்டில் வேலை செய்கிறார்கள்.

அவரவர் தூக்கில் என்ன இருக்கும் தெரியுமா? நம் ஊர்க்காரருக்குப் பழைய சோறும் நீராகாரமும், கூடச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய். தெலுங்கு வீடுகளில் அதற்குச் சத்தன்னம் என்று பெயர். ஒடிசாவில் அதே பழைய சோற்றைப் பகாளா என்கிறார்கள். தொட்டுக்கொள்ள வறுத்த மீன், கீரை, வடகம். மூன்று பாஷை, ஒரே பானை! பீகார்க்காரப் பிள்ளைகளுக்கோ வறுத்த கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பு, எலுமிச்சை, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்த பானம். அதன் பெயரே 'சத்து'. நம் பாஷையிலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது! வீட்டில் பொட்டுக்கடலை மாவில் இதைக் கரைத்துப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். பசியும் அடங்கும், தாகமும் அடங்கும்.

வெயிலில் உழைப்பவருக்கு வெறும் தண்ணீர் மட்டும் போதாது. வேர்வையோடு உப்பும் போகிறது. உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம், எலுமிச்சைச் சாறு ஆகியவை அந்த உப்பைத் திருப்பித் தருகின்றன. சாராய வகை எதுவானாலும் இதற்கு நேர் எதிர். அது சிறுநீரைப் பெருக்கி உடம்பின் நீரை வெளியே தள்ளுகிறது. 'உடம்பு வலிக்குது' என்று சாயங்காலம் கடையை நோக்கித் திரும்பும் கால்களால் எத்தனை வீடுகளில் அடுப்பு தாமதமாக எரிகிறது என்பது பெண்களுக்குத் தெரியும். ஒரு டம்ளர் மோர் கொடுத்தால் குடிப்பவர் திருந்திவிடுவார் என்று நான் சொல்ல மாட்டேன். குடி ஒரு வியாதி, அதற்குச் சிகிச்சை வேண்டும். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேட்கலாம். 14446 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் போன் செய்தும் யோசனை கேட்கலாம். வெட்கப்பட்டு மறைத்து வைக்க வேண்டாம்.

'ஒயின் நல்லதாமே?'

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். பிரான்சுக்காரர்கள் கொழுப்பாகச் சாப்பிட்டும் இருதய நோய் குறைவாக இருப்பதற்குச் சிவப்பு ஒயின்தான் காரணம் என்று 1990-களில் ஒரு பேச்சு உலகமெல்லாம் பரவியது. பின்னால் வந்த ஆராய்ச்சிகளில் அந்தப் பேச்சு நிற்கவில்லை. மது வகைகள் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 1988-லேயே பட்டியலில் சேர்த்துவிட்டது. உடம்புக்குக் கேடில்லாத அளவு என்று எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் திட்டவட்டமாகச் சொன்னது. கொஞ்சமாகக் குடித்தால்கூடப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடுகிறது.

கர்ப்பிணிகள் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும். பால் கொடுக்கும் தாய் குடித்தால் தாய்ப்பாலில் அது போய்ச் சேரும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் குடித்தால் திடீரென்று ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயக்கம் போடலாம். 'மருந்துதானே, ஒரு வாய் குடி' என்று பிரியமாக யார் நீட்டினாலும், 'வேண்டாங்க' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். திராட்சையில் இருக்கும் நல்லது திராட்சைத் தோலிலேயே இருக்கிறது. பழமாகச் சாப்பிட்டாலே போதும். கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்து ஒயின் செய்வதும் நம் மாநிலத்தில் சட்டப்படி குற்றம் என்பதை நினைவில் வையுங்கள்.

சரக்கு வேண்டாம், சூட்சுமம் வேண்டும்!

அவர்களுடைய ஜோடி விதிகளை மட்டும் நாம் எடுத்துக்கொண்டால் என்ன? ஐந்தே விதிகள்:

1. கனத்துக்குக் கனம், லேசுக்கு லேசு. இட்லி, இடியாப்பத்துக்கு லேசான பானம். பிரியாணிக்குத் தண்ணீர் மாதிரி இருந்தால் எடுபடாது.

2. எண்ணெயைப் புளிப்பு வெட்டும். பஜ்ஜி, வடை, வறுவலுக்கு எலுமிச்சைச் சாறோ புளித்த மோரோ ஜோடி.

3. காரத்தை இனிப்பும் பாலும் அடக்கும். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது. அதனால்தான் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு எரிகிறது. பால், தயிரில் உள்ள புரதம் அந்தக் காரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். சோடாவின் நுரை எரிச்சலை இன்னும் கூட்டும். மதுவும் அப்படியே. காரமான நம் சமையலோடு ஒயின் ஒட்டாததற்கு இதுவும் ஒரு காரணம்.

4. மாமிசத்துக்குத் துவர்ப்பு. துவர்ப்பு நாக்கைக் காய வைக்கும். மாமிசத்தின் கொழுப்பும் புரதமும் அதை மிருதுவாக்கும். ஒன்றுக்கொன்று சமாதானம்.

5. இனிப்போடு தரும் பானம் அந்த இனிப்புக்குக் குறையக் கூடாது. ஜிலேபி தின்றுவிட்டுக் காபி குடித்தால், 'சர்க்கரை போட மறந்துட்டீங்களா?' என்று கேட்கத் தோன்றுகிறதே, அதுதான் காரணம். இல்லாவிட்டால் இனிப்பே இல்லாத பானமாகத் தந்து வாயைச் சுத்தம் செய்துவிட வேண்டும்.

பெரியபாளையத்துக் கூழும் திருவள்ளூர் வெல்லமும்

திரும்பும் வழியில் பஸ் பிடித்துப் பெரியபாளையம் போகலாம். ஆரணி ஆற்றங்கரையில் பவானி அம்மன் கோயில். ஆடி மாதம் வந்தால் கூட்டம் தாங்காது. ஆடி என்றால் கேழ்வரகுக் கூழ். கூழுக்குச் சின்ன வெங்காயம், கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. ஒரு ராத்திரி புளிக்க வைத்த கூழின் மெல்லிய புளிப்புக்குக் கருவாட்டின் உப்பு. இதைவிடப் பொருத்தமான ஜோடியை எந்த நாட்டு நிபுணர் சொல்லிவிடப் போகிறார்? கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து ஏராளம். புளிக்க வைப்பதால் அதிலுள்ள இரும்புச் சத்தும் உடம்பில் சுலபமாகச் சேருகிறது.

அங்கிருந்து திருவள்ளூர். வீரராகவப் பெருமாள் கோயிலில் அமாவாசைக்கு ஜனக்கூட்டம். வியாதி கரைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு குளத்தில் வெல்லம் கரைப்பது இங்கே வழக்கம். வெல்லம் என்றதும் பானகம் நினைவுக்கு வருகிறதல்லவா? வெல்லத்தின் இனிப்பு, எலுமிச்சையின் புளிப்பு, சுக்கின் காரம் என்று ஐந்து விதிகளில் மூன்றுக்குப் பானகம் ஒன்றே பதில்! புளியோதரை, காரச் சுண்டல், மிளகு வடை எதற்கும் பொருந்தும்.

நம் தட்டுக்கு எதிரி ஒரு டம்ளர் காபி

கடைசியாக, இந்தப் பயணத்திலேயே மிக முக்கியமான விஷயம். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 பேருக்கு. பாதிக்கு மேல்! படி ஏறினால் மூச்சு வாங்குவது, எப்போதும் அசதி, நகம் வெளுப்பது. 'வீட்டு வேலை அதிகம்' என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

கீரை சமைக்கிறோம், பயறு வேக வைக்கிறோம். ஆனால் சாப்பிட்ட கையோடு டீயோ காபியோ குடித்துவிடுகிறோம். சிவப்பு ஒயினில் பார்த்தோமே ஒரு துவர்ப்பு, அதே இனத்துத் துவர்ப்பு டீயிலும் இருக்கிறது. அது இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேர விடாது. 1983-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சாப்பாட்டோடு டீ குடித்தவர்களுக்கு இரும்புச் சத்து சேருவது 64 சதவீதமும், காபி குடித்தவர்களுக்கு 39 சதவீதமும் குறைந்தது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடித்தாலும் அதே நஷ்டம்தான். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்தால் நஷ்டமே இல்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? காபியை விடச் சொல்லி யாரையும் கஷ்டப்படுத்த வேண்டாம். நேரத்தை மாற்றினால் போதும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பாக, அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் போன பிறகு குடியுங்கள். சாப்பாட்டோடு ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறோ, நெல்லிக்காய்ச் சாறோ வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள 'சி' வைட்டமின் கீரை, பயறின் இரும்பை உடம்பில் சேர்த்து வைக்கும். கர்ப்ப காலத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரையைப் பால், மோர், டீ, காபியோடு விழுங்க வேண்டாம். தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ நல்லது. கீரைக்கு எலுமிச்சை ஜோடி, டீ எதிரி. இதை மட்டும் மருமகளுக்கும் மகளுக்கும் சொல்லி வையுங்கள்.

எதற்கு எது? – ஒரு பார்வையில்

வறுத்த மீன், இறால் – உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு
நண்டு மசாலா – எலுமிச்சை சேர்த்த நன்னாரி சர்பத்
ஆட்டுக்கறி, பிரியாணி – மசாலா திராட்சை ரசம்
காரக்குழம்பு, ஊறுகாய்ச் சாதம் – நீர்மோர்
புளியோதரை, சுண்டல், வடை – பானகம்
கீரை மசியல், பயறு – நெல்லிக்காய்ச் சாறு
கேழ்வரகுக் கூழ் – கருவாடு, இல்லையென்றால் மோர் மிளகாய்
ஜிலேபி, மைசூர்பாகு – சர்க்கரை சேர்க்காத சுக்கு வெந்நீர்

செய்து பாருங்கள்

பானகம்: 100 கிராம் வெல்லத்தை மூன்று டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். அரை டீஸ்பூன் சுக்குப் பொடி, பொடித்த ஏலக்காய் இரண்டு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். மண் பானையில் ஊற்றி வைத்தால் ஐஸ் தேவையில்லை.

நீர்மோர்: ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டு நன்றாகக் கடையுங்கள். உப்பு, தட்டிய இஞ்சி, கறிவேப்பிலை, கொத்துமல்லி, ஒரு சிட்டிகைப் பெருங்காயம் சேர்த்தால் போதும். காரச் சாப்பாட்டுக்குத் தருவதானால் பச்சை மிளகாய் போடாதீர்கள்.

மசாலா திராட்சை ரசம்: தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதில் ஒரு கிலோ வாங்கி நன்றாகக் கழுவி, அரை லிட்டர் தண்ணீர், கிராம்பு நாலு, பட்டை ஒரு துண்டு, தட்டிய சுக்கு கொஞ்சம் சேர்த்து இருபது நிமிஷம் சிறு தீயில் வேக விடுங்கள். தோலோடு மசித்து வடிகட்டி, 100 கிராம் சர்க்கரை சேர்த்து ஆற வையுங்கள். தோலின் துவர்ப்பு இறங்கியிருப்பதால் ஆட்டுக்கறிக் குருமாவுக்கு அத்தனை பொருத்தம். ஃபிரிஜ்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். கிறிஸ்துமஸ் விருந்துக்கு இதையே கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றி வையுங்கள். பாட்டி முதல் பேரன் வரை எல்லாரும் ஒரே தம்ளரை உயர்த்தலாம்!

நாளைக்குக் குழம்பு என்ன என்று யோசிக்கும்போதே, கூட என்ன குடிக்கக் கொடுப்பது என்றும் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். பைசா செலவு அதிகமில்லை. சாப்பாட்டின் ருசியும் கூடும், வீட்டுப் பெண்களின் ரத்தமும் ஊறும்.